மண்ணெண்ணெய் மணத்த போத்தல்கள்

முவைலா, ஷார்ஜா
12.06.2005

அன்புத் தங்கச்சி வதனாவுக்கு,

நான் சுகம். வெயில் காலத்தோடு கால் வீக்கம் திரும்ப வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கதைத்தால் கார்ட் முடிகிற அவசரத்தில் சுகம் கேட்பதோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தங்குவது அதே முவைலாத் தொழிலாளர் கேம்ப்தான், ஆனால் பக்கத்து எமிரேட்டில் இருக்கிற ஹோட்டலில் என் இடத்தை மாற்றிவிட்டார்கள். பொதுக் களஞ்சியத்தில் இருந்த என்னை மார்ச்சில் நிலத்தடி வைன் அறைக்கு அனுப்பினார்கள். ஒரு துளியும் வாயில் வைக்காதவன் என்பதுதான் என் தகுதி. வைன் தெரிந்த பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். புது ஆள் வரும்வரை போத்தல்களை எண்ணுவதும், அறை பதின்மூன்று பாகையில் நிற்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. மூலையில் உன் விலாசத்தில் எழுதுகிற அதே மோசல் பெயர் ஒட்டிய போத்தல்கள் இரண்டு பெட்டி கிடக்கின்றன. 1983 என்று போட்டிருக்கிறது. வெள்ளை வைன் என்று பட்டியலில் இருந்தாலும் நிறம் தேன் மாதிரி. யாரும் கேட்பதில்லை.

பக்கத்து அறை ஜெனரேட்டர் அறை. அங்கே ஒப்பரேட்டர் மீராசா, கீழக்கரை ஆள். அந்த அறைக்குள் பத்து நிமிடம் நிற்க ஏலாது, அவ்வளவு சூடு. மதிய இடைவேளையில் நான்தான் அவனைக் கூப்பிடுவேன். என் அறையில் வெறும் பெட்டியொன்றின் மேல் குந்தியிருந்து, பால் விடாத ஒரு சுலைமானித் தேநீர் குடித்துவிட்டுப் போவான். என் தங்கச்சி முந்திரிகைத் தோட்டத்தில் வேலை என்று சொன்னேன். "முந்திரில காய்ச்சுறது கோவாக்காரன் சரக்குல்ல? ஜெர்மன்காரனும் இறங்கிட்டானா அண்ணே?" என்று கேட்டான். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவனுடைய இடைவேளை முடிந்துவிட்டது.

அந்தப் போத்தல்களைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது. பார்த்துக்கொண்டிருக்கிற பொருள் என்னவென்று தெரியாமல் இருக்கிறேன்.

தபால் பெட்டியைப் பார்த்தபடி இருக்கும்,
அண்ணன் இரத்தினசிங்கம்


மோசல் கரை, ஜேர்மனி
03.07.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். நாங்கள் இருவரும் வேலையும் வீடுமாக இருக்கிறோம்.

1983 என்றால் நமக்கு வேறு ஞாபகம். கலவரத்தில் நீங்கள் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கிய வருடம். இங்கே அதை நல்ல வெயில் எறித்த வருடம் என்று மட்டும் சொல்கிறார்கள்.

நீங்கள் வைத்திருப்பது ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்தது. மற்றத் தோட்டங்கள் எல்லாம் பறித்து முடித்த பிறகும் அந்தக் குலைகளைக் கொடியிலேயே விடுவார்கள். நவம்பர் வரைக்கும் விடுவதுண்டு. மழை பெய்தாலும், பறவை வந்தாலும், பனி கொட்டினாலும் நட்டம். தப்பிப் பிழைத்த பழம் சுருங்கி, சிலவேளை சாம்பல் பூஞ்சணம் பிடித்து, பார்க்க அழுகல் மாதிரி இருக்கும். வந்த புதிதில் நான் அவற்றை வாளியிலிருந்து எடுத்து எறிந்தேன். தோட்டத்துக்காரி லென்ஸ் அம்மா குனிந்து பொறுக்கி எடுத்துப் போட்டார். அந்தச் சுருங்கலில்தான் சீனி கட்டிப்படுகிறது. புளிப்பும் குறையாமல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்துதான் முப்பது நாற்பது வருடம் தாங்க வைக்கிறது.

முதல் நாலைந்து வருடம் பழ வாசம் தூக்கும். பிறகு அது போய்விடும். திறந்தால் ஒன்றும் சொல்லாது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து விற்றுவிட்டவர்களும் உண்டு. பல வருடம் கழித்து வேறொன்றாகத் திரும்பி வரும், நிறமும் கறுக்கும். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதும் கிடந்தால் பயப்படாதீர்கள். அது புளிப்பு உறைந்த கல், உடைந்த கண்ணாடி இல்லை. படுக்க வைத்திருங்கள், அசைக்காதீர்கள்.

அண்ணிக்கு எழுதும்போது நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி வதனா


முவைலா
29.07.2005

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பது ஆறுதல். எனக்குக் கால் வீக்கம் இன்னும் குறையவில்லை.

ஒரு பிரச்சினை. பதினாறாம் திகதி மேலே ஒரு கொம்பனி விருந்து. யாரோ பழைய இனிப்பு வைன் கேட்க, 83ஐக் கொண்டுபோனார்கள். ஊற்றியதும் பெற்றோல் மணக்கிறது என்று விருந்து கொடுத்தவர் திருப்பி அனுப்பினார். இன்னும் மூன்று திறந்தார்கள். நாலும் ஒரே மணம். உதவி மானேஜர் என்னைக் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொன்னார். வதனா, அது மண்ணெண்ணெய். அதில் எனக்குப் பிழை வராது. ஊரில் சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடை நேரத்தில் நாங்கள் மண்ணெண்ணெயைச் சாராயப் போத்தலில் வாங்கி வந்தோம். பிறகு எத்தனை தரம் கழுவினாலும் அந்தப் போத்தலில் வைத்த தண்ணீர் எப்படி மணந்தது என்று உனக்கும் தெரியும்தானே. அதே மணம்தான்.

மீதி இருபதையும் இரண்டு சாட்சி வைத்துத் கழுவுதொட்டியில் ஊற்றி அழித்தோம்.

ஜெனரேட்டர் அறை டீசலால் வந்தது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். மீராசாவை வேலைக்கு வரவேண்டாம் என்று கேம்பில் இருத்தி விசாரணை நடக்கிறது. விசாவை ரத்துச் செய்து அனுப்பலாம் என்று பேச்சு. அப்படிப் போனால் ஆறு மாதம் இந்த நாட்டுக்குள் வரவும் முடியாது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டீசல் பட்ட உடுப்போடு ஒருவன் வந்து அறையில் இருந்தால், அந்த மணம் மூடிய போத்தலுக்குள் போகுமா? அவசரமில்லை, ஆறுதலாக எழுது.

அண்ணன்


மோசல் கரை
25.09.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? பதில் எழுதப் பிந்திவிட்டது. ஓகஸ்டில் தோட்டத்துச் சரிவில் சறுக்கி விழுந்தேன். இடுப்பில் பெரிய பிழையில்லை என்கிறார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரி, பிறகு வீடு. இந்த வருடம் என்னை மேட்டில் ஏற்றமாட்டார்கள். உங்கள் கடிதம் மச்சானின் காற்சட்டைப் பையில் கிடந்திருக்கிறது.

அந்த மணம் வெளியிலிருந்து போகாது அண்ணா. நல்ல தக்கை போட்டுப் படுக்க வைத்த போத்தலுக்குள் ஒருவனுடைய உடுப்பு மணம் எப்படிப் போகும்? அது அந்த வைனின் சொந்த மணம். ரீஸ்லிங்குக்கு வயது ஏறினால் அப்படித்தான் மணக்கும். இங்கேயும் பெற்றோல் மணம் என்றே சொல்வார்கள், அது குறை இல்லை. வெயில் கூடிய வருடத்துப் பழத்தில் கூடவே வரும். அதற்காகவே தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறை மணந்தபோது எனக்கும் வீட்டுக் குசினி ஞாபகம்தான் வந்தது. ஊற்றி வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அதற்குப் பின்னால் தேனும் காய்ந்த அப்பிளும் வந்திருக்கும்.

ஜூலைக் கடிதத்தில் இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டேன். சிரிப்பீர்கள் என்று நினைத்து விட்டேன்.

மீராசா எப்படி இருக்கிறார்? விசாரணை முடியாவிட்டால் இதை உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வதனா


முவைலா
20.11.2005

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இறங்கி, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது லேசாகக் குளிர்கிறது. பெருநாளுக்கு இரண்டு நாள் லீவு தந்தார்கள். அறையில் ஆட்டிறைச்சி சமைத்தோம். ஊரில் மழை என்று அண்ணி எழுதியிருக்கிறாள். பெப்ரவரியில் என் விசா முடிகிறது. புதுப்பிப்பார்கள் என்றுதான் சொல்கிறார்கள். மச்சானுக்கு என் விசாரிப்பைச் சொல்.

வேறு புதினம் இல்லை.

அண்ணன்


மோசல் கரை
11.12.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைக் கவனியுங்கள். நான் தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

நான் விழுந்ததைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் கேட்கிறீர்கள், பதிலை வாசிப்பதில்லை. அதை விடுங்கள். மீராசாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்டிறைச்சி வரை எழுதிய உங்களுக்கு அவர் எங்கே என்று எழுத முடியவில்லையா?

பிந்திப் பறிக்கிற குலைகள் இம்முறை நன்றாக வந்தன. நான் கீழே நின்று வாளிகளை வாங்கினேன்.

அவர் எங்கே அண்ணா?

வதனா


முவைலா
08.01.2006

அன்புத் தங்கச்சிக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கேட்காமல் விட்டது பிழை. உன் செப்டெம்பர் கடிதத்தில் முதல் பந்தியைத் தாண்டி இரண்டாவதற்குப் போனவன் திரும்பி முதலாவதுக்கு வரவில்லை.

மீராசா போய்விட்டான். செப்டெம்பர் 14 விமானம் ஏறினான். உன் கடிதம் என் கையில் கிடைத்தது ஒக்ரோபர் 6.

விருந்துக்கு மறுநாள் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அறை என் பொறுப்பு. கெட்டது எப்படி என்று நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கெடுத்தவன் நான். "ஜெனரேட்டர் ஒப்பரேட்டர் மீராசா அனுமதியின்றி, டீசல் பட்ட உடுப்போடு வைன் அறைக்குள் வந்து இருப்பவர்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மணந்தது எண்ணெய், எண்ணெயோடு வேலை செய்கிறவன் அவன். எனக்குக் கணக்குச் சரியாக வந்தது. உண்மையில் நம்பித்தான் எழுதினேன், வதனா. பிறகு உன்னிடம் கேட்டது, நான் எழுதியது சரி என்று நீ சொன்னால் என் நெஞ்சு ஆறும் என்பதற்காக.

போகிற அன்று கேம்ப் பஸ்ஸடியில் என்னிடம் வந்தான். "அண்ணே, என்னாலதான் உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றான்.

நான் "பரவாயில்லை" என்றேன்.

அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், போத்தல்களை எண்ணுகிறேன், திரும்பி வந்து படுக்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

அண்ணன்


மோசல் கரை
29.01.2006

அண்ணாவுக்கு,

இடுப்பு பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி.

உங்கள் ஜூன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "நான்தான் அவனைக் கூப்பிடுவேன்" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. மணத்தில் பிழை விட்டது உங்கள் மூக்கு. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தக் குசினியில் புழங்கிய எந்த மூக்கும் அப்படித்தான் சொல்லும். ஆனால் "அனுமதியின்றி" என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியும்.

லென்ஸ் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். நீங்கள் எழுதியதையும் மறைக்கவில்லை. இருபது போத்தலைத் தொட்டியில் ஊற்றியது என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகு இதோடு வைத்திருக்கிற கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்து, தோட்டத்து முத்திரை வைத்துத் தந்தார். 1983 ரீஸ்லிங்கில் அந்த மணம் முதிர்ச்சியால் வருவது, அறையில் இருந்த யாருக்கும் அதில் பங்கில்லை என்று இருக்கிறது. அதைக் கொடுங்கள். கூப்பிட்டது நீங்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த மனிதன் டீசலால் பொருள் கெடுத்தவன் என்ற பெயரோடு திரிகிறான். ஆறு மாதத் தடை முடிந்து திரும்பி வந்தாலும் அந்தப் பெயர் கோப்பில் இருக்கும்.

வதனா


முவைலா
05.03.2006

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். லென்ஸ் அம்மாவின் கடிதம் பத்திரமாகக் கிடைத்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்.

விசா பெப்ரவரி 20 அடித்துவிட்டார்கள், இன்னும் மூன்று வருடம். உதவி மானேஜர் லீவில் போயிருக்கிறார். அவர் வந்ததும் நேரம் பார்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மீராசாவின் இடத்துக்கு ஒரு பாகிஸ்தானி வந்துவிட்டான். எப்படியும் உடனே ஒன்றும் நடக்கப்போவதில்லை. ஐம்பத்தொரு வயதில் வேறு எங்கே போய் நிற்பது என்று உனக்குத் தெரியாததில்லை. அண்ணிக்கு இந்த மாதம் பிரஷர் கூடியிருக்கிறது.

அண்ணன்


மோசல் கரை
26.03.2006

அண்ணா,

விசா அடித்தாயிற்று. இனி எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

சுகம் கேட்க மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இந்த முறை கேட்கவில்லை.

வதனா


முவைலா
07.05.2006

அன்புத் தங்கச்சிக்கு,

இதற்கு நீ பதில் போடாவிட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன். நலமாக இரு.

கொடுத்துவிட்டேன். உதவி மானேஜர் நின்றபடியே வாசித்தார். "கலாஸ், அந்தக் கோப்பு மூடியாயிற்று. பழசைக் கிளறினால் இருபது போத்தலை ஊற்றிய நாம்தான் மடையர்கள்" என்று திருப்பித் தந்தார். நானும் வெளியே வந்துவிட்டேன். லிஃப்ட் வரை வந்து, அங்கே நின்று, பழையபடி கீழே போய்விடுவதற்கு முன் திரும்பினேன். புதிதாக வந்திருக்கிற வைன் பொறுப்பாளரிடம் போனேன். தென்னாபிரிக்கப் பெண். கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் போத்தல்கள் எங்கே என்று கேட்டாள். தொட்டியைக் காட்டினேன். வெறும் பெட்டியொன்றின் மேல் இருந்துவிட்டாள். மீராசா வந்தால் குந்துகிற பெட்டி. அவனை உள்ளே கூப்பிட்டது நான், "அனுமதியின்றி" என்று எழுதியதும் நான் என்று அப்போது சொன்னேன். என் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது.

அவள்தான் வேலைக்கு ஆள் எடுக்கிற ஆளணிப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். மீராசா மீது பிழையில்லை என்று கோப்பில் எழுதி, ஒரு பிரதி எனக்குத் தந்தார்கள். இடம் நிரம்பிவிட்டது, வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கட்டும் என்றார்கள். என்னைச் சலவைத் துணிக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

கீழக்கரைக்குப் போன் எடுத்தேன். அவன் மனைவி ஜுலைஹா பீவி எடுத்தார். நான் யாரென்று சொன்னதும், "ஓ, அந்த அண்ணனா, இவுக உங்களப் பத்தித்தான் பேசுவாக" என்று அன்பாகக் கதைத்தார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருந்தது. மீராசா இப்போது ரியாத்தில், பத்தா என்ற கடைத்தெருவில் ஒரு மொபைல் கடையில் நிற்கிறானாம். டீசல் வேலை கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டானாம். காரணம் அவருக்கும் தெரியவில்லை. விலாசம் வாங்கி எல்லாவற்றையும் எழுதி, பிரதியையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் உனக்கு அனுப்புவேன்.

அண்ணன்


பத்தா, ரியாத்
03.06.2006

அன்புள்ள இரத்தினம் அண்ணனுக்கு மீராசா எழுதுவது.

அல்லாஹ்வின் கருணையால் இங்கே சுகம். உங்கள் கால் வீக்கம் தேவலையா? ஊரில் அண்ணிக்குச் சுகம்தானே?

உங்கள் கடிதமும் அதோடு இருந்த காகிதமும் வந்தன. ஆங்கிலக் காகிதத்தைக் கடை முதலாளி வாசித்துச் சொன்னார். மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நாலாவது தடவை கேட்டதற்கு, யாவாரத்தைப் பாருப்பா என்றார்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஹோட்டலில் யாரும் எனக்குக் காட்டவில்லை. உன் டீசல் நாற்றத்தால் சரக்குக் கெட்டது என்று மட்டும் சொன்னார்கள். நான் நம்பினேன் அண்ணே. பத்தொன்பது வருடம் அந்த எண்ணெயிலேயே கிடந்தவன், நம் மூக்குக்கு நம் நாற்றம் தெரியாது என்று நினைத்தேன். உங்கள் அறைக்குள் வந்து இருந்தபோதெல்லாம் நீங்கள் பொறுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஊருக்குப் போனதும் பழைய சட்டைகளை எல்லாம் எரித்தேன். என்மேல் வருதா என்று ஜுலைஹாவிடம் கேட்பேன், இல்லை என்பாள். மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளைத் தூக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்தும் ஜெனரேட்டர் வேலை வேண்டாம் என்றேன்.

பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் எட்டு மாதமாகக் கடைசி வரிசையின் ஓரத்தில், ஓர் ஆள் இடம் விட்டு நின்று வந்தேன். இடைவெளி விடாதே என்று பலர் இழுத்திருக்கிறார்கள். அடுத்த தொழுகைக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். "உள்ளுக்கு வா, இருந்திட்டுப் போ" என்று நீங்கள் கூப்பிடுவது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் "அனுமதியின்றி" என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் மன்னிக்க இப்போது மனசு வரவில்லை. கோபம் என்று நினைக்க வேண்டாம். வரும்போது எழுதுகிறேன். உங்கள் தங்கச்சிக்கு என் சலாம் சொல்லுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடு போய் முன் வரிசையில் நின்றேன். பக்கத்தில் ஒரு வங்காளி வந்து தோளை ஒட்டி நின்றான். தொழுகை முடியும்வரை என் கவனம் தொழுகையில் இல்லை, அவன் மூச்சில்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். முடிவில் ஸலாம் கொடுக்க முகத்தை அவன் பக்கம் திருப்பினேன். அவன் நகரவில்லை.

மீராசா